அதிரடிப் படமும் ஆஃப்பீட் படமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் வாரம் தவறாமல் அரங்குக்குப் போகிறவன் என்பது எங்கள் தெருவுக்கும் அலுவலகத்துக்கும் தெரியும். கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போதுகூட யாராவது அருகில் வந்து "படம் எப்படி?" என்று கேட்பார்கள். நான் ஒரு பதில் சொன்னால் அதிலிருந்து இன்னொரு சந்தேகம் முளைக்கும். ஆண்டுக்கணக்கில் அதே சந்தேகங்களைக் கேட்டு வந்ததால், கேட்டவர்களின் வாய்மொழியை மாற்றாமல் அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். காசு கொடுத்துப் படம் பார்க்கும் ஒரு ரசிகனின் கருத்துகளாகவே இவற்றைக் கொள்ள வேண்டும். சில படங்களின் முடிவைச் சொல்லாமல் விளக்க முடியவில்லை என்பதையும் முதலிலேயே தெரிவித்துவிடுகிறேன்.

மாஸ் படம்னா என்ன, ஆஃப்பீட் படம்னா என்ன? சண்டை இருந்தா மாஸ், சோகமா இருந்தா ஆஃப்பீட், அவ்வளவுதானே?

சண்டையை வைத்தோ சோகத்தை வைத்தோ பிரிக்க முடியாது. நாயகன் என்ன செய்யப் போகிறான் என்பது ரசிகருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க, அதை எப்போது செய்வான், எப்படிச் செய்வான் என்ற எதிர்பார்ப்பின்மேல் எழுப்பப்படுவது மாஸ் படம். 'பாட்ஷா' (1995) படத்தில் ஆட்டோ ஓட்டும் மாணிக்கம் நெடுநேரம் யாரையும் திருப்பி அடிப்பதில்லை. அவன் அடிப்பான் என்பது அரங்கில் இருக்கும் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்ததை நடக்கவிடாமல் தள்ளிக்கொண்டே போனதால்தான், இடைவேளை நெருங்கும்போது அவன் கை ஓங்கியதும் அரங்கமே எழுந்து நின்றது. ஆஃப்பீட் படத்தில் இந்த முன்னறிவு நமக்குக் கொடுக்கப்படுவதில்லை. அடுத்து என்ன செய்வார் என்று ஊகிக்க முடியாத ஒரு மனிதருடன் இரண்டு மணி நேரம் உட்காரச் சொல்கிறார்கள்.

இந்தப் பிரிவு இன்று நேற்று வந்ததும் அல்ல. பாட்டு, நடனம், சண்டை ஆகிய மூன்றும் இல்லாமல் 'அந்த நாள்' 1954-இலேயே வந்துவிட்டது. எம்.ஜி.ஆரின் 'ஆயிரத்தில் ஒருவன்' வெளியான அதே 1965-ஆம் ஆண்டில்தான் ஜெயகாந்தன் சேரி வாழ்க்கையை வைத்து இயக்கிய 'உன்னைப்போல் ஒருவன்' படமும் வெளியானது. இரண்டும் தமிழ்ப் படங்களே. இரண்டையும் பார்க்க ஆள் இருந்தது.

ரெண்டையும் ஒரே ஆளு எப்படி ரசிக்க முடியும்? ஏதாவது ஒரு பக்கம் நில்லுங்க.

காலையில் இட்லி சாப்பிட்டவர் மதியம் பிரியாணி சாப்பிட்டால் யாரும் அவரை எந்தப் பக்கம் என்று கேட்பதில்லை. இரண்டு வகைக்கும் நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றே. ஒவ்வொரு படமும் முதல் பத்து, பதினைந்து நிமிடங்களுக்குள் தன் உலகத்துக்கென்று ஒரு சட்டத்தை வகுத்துக்கொள்கிறது. இங்கே மனிதர்கள் பறப்பார்கள் என்று ஒரு படம் சொல்லலாம். இங்கே ஓர் அறை வாங்கினால் ஒரு வாரம் கன்னம் வீங்கியிருக்கும் என்று இன்னொரு படம் சொல்லலாம். எந்தச் சட்டமாக இருந்தாலும் எனக்குச் சம்மதம். வகுத்தவர்களே அதைக் கடைசிவரை காப்பாற்றுகிறார்களா என்பதை மட்டும்தான் பார்க்கிறேன்.

லாஜிக் பாக்காம படம் பாக்கணும்னு சொல்றாங்களே, சரியா?

சரியில்லை. பூமியின் ஈர்ப்பு விசையைத் திரையில் தேட வேண்டாம் என்பது வரைக்கும் ஒப்புக்கொள்கிறேன். மேலே சொன்ன சட்டம் மீறப்படுவதைப் பார்க்கத்தான் வேண்டும். பெயர் சொல்ல விரும்பாத ஒரு படத்தில், கால் முறிந்து கட்டுப் போட்ட நாயகன் ஒரு பாட்டு முடிவதற்குள் மாடி விட்டு மாடி தாவினான். அவன் தாவியதில் எனக்கு வருத்தமில்லை. கால் முறிந்ததற்காக ஐந்து நிமிடம் நம்மை வருந்த வைத்துவிட்டு, அந்த வருத்தத்தை வீணாக்கியதில்தான் வருத்தம்.

இதற்கு நேர்மாறாக 'கைதி' (2019) படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து ஆண்டுகள் சிறையில் இருந்துவிட்டு, இதுவரை பார்த்திராத மகளைப் பார்க்கக் கிளம்பிய நாயகன் டில்லியைப் போலீஸ்காரர்கள் வழியில் பிடித்து உட்கார வைக்கிறார்கள். அங்கே அவன் பிரியாணியைக் கை நிறைய அள்ளி அள்ளிச் சாப்பிடுகிறான். சுற்றிலும் என்ன நடந்தாலும் அவன் கண் சோற்றைவிட்டு அகலுவதில்லை. ஒரு வசனமும் இல்லாமல் அவனுடைய பசியையும், உடலின் வலுவையும், யாருக்கும் அசையாத நிதானத்தையும் படம் அந்த ஒரு சாப்பாட்டில் சொல்லிவிடுகிறது. அதன் பிறகு தான் ஓட்டிவரும் லாரியைச் சுற்றி வளைத்தவர்களை அவன் ஒற்றை ஆளாக விரட்டும்போது, 'இது நடக்குமா?' என்று நமக்குக் கேட்கத் தோன்றுவதில்லை. லாஜிக் என்று நான் சொல்வது இதைத்தான்.

பத்துப் பேரை ஒருத்தன் அடிக்கிறான். இதுல நல்ல சண்டை, மட்டமான சண்டைன்னு என்ன இருக்கு?

நிறைய இருக்கிறது. யார் எங்கே நிற்கிறார்கள், கதவு எந்தப் பக்கம், தப்பிக்க வழி உண்டா என்பது பார்ப்பவருக்குத் தெளிவாகத் தெரிந்தால்தான் ஆபத்து ஆபத்தாகத் தெரியும். பழைய வாள்சண்டைகளை இன்றும் சலிக்காமல் பார்க்க முடிவதற்குக் காரணம் இதுவே. 'ஆயிரத்தில் ஒருவன்' படத்தில் எம்.ஜி.ஆரும் நம்பியாரும் மோதும்போது கேமரா சற்றுத் தள்ளி நின்று இருவரையும் தலை முதல் கால் வரை காட்டும். கால் எடுத்து வைப்பதும், மணிக்கட்டு திரும்புவதும், பின்வாங்கி மூச்சு வாங்குவதும் நம் கண்ணுக்கு முன்னால் நடக்கும்.

அதைவிட முக்கியமானது, சண்டையில் ஆளின் குணம் தெரிய வேண்டும் என்பது. 'சார்பட்டா பரம்பரை' (2021) படத்தில் கபிலனும் டான்சிங் ரோஸும் மோதும் குத்துச்சண்டை ஆட்டத்தை நான் பலமுறை திருப்பிப் போட்டுப் பார்த்திருக்கிறேன். ரோஸ் வளையத்துக்குள் நடனமாடுகிறான். கையைத் தொங்கவிட்டு முகத்தைக் காட்டி, 'அடி பார்க்கலாம்' என்பதுபோல் நிற்கிறான். குத்து வரும் நேரத்தில் இடுப்பை மட்டும் வளைத்து விலகிவிடுகிறான். கபிலனின் குத்துகள் காற்றில் போகின்றன. அவன் கோபப்படக் கோபப்பட இன்னும் தவறுகின்றன. அவன் நிதானித்து, ரோஸின் காலசைவைக் கவனிக்கத் தொடங்கும் இடத்தில்தான் ஆட்டம் திரும்புகிறது. இருவரில் யார் எப்படிப்பட்டவர் என்பதை ஒரு பக்க வசனம் எழுதியிருந்தாலும் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது. அந்த ரோஸ் எதிர்த் தரப்பு ஆள். சிறிது நேரமே வருகிறவன். ஆயினும் படம் பார்த்தவர் எல்லாருக்கும் அவன் பெயர் நினைவில் இருக்கிறது.

மட்டமான சண்டையில் அடிப்பவனுக்கும் குணம் இருக்காது, அடிவாங்குபவனுக்கும் பெயர் இருக்காது. ஒருவன் விழுந்த பிறகுதான் அடுத்தவன் வருவான்; மற்ற எட்டுப் பேரும் பின்னால் கையைக் காலை ஆட்டிக்கொண்டு தங்கள் முறைக்காகக் காத்திருப்பார்கள். அடுத்த முறை பார்க்கும்போது நாயகனைப் பார்க்காமல் அவர்களைப் பாருங்கள். சண்டைப் பயிற்சியாளர் எவ்வளவு யோசித்திருக்கிறார் என்பது அவர்களிடம் தெரிந்துவிடும்.

இப்ப வர்ற சண்டையப் பாத்தா கண்ணு வலிக்குது. யாரு யாரை அடிக்கிறான்னே தெரியல. வேகமா வெட்டி வெட்டிக் காட்டுறதாலயா?

வேகமான வெட்டு மட்டும் காரணமன்று. ஜார்ஜ் மில்லர் இயக்கிய 'மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோட்' (2015) படத்தில் காட்சிகள் மின்னல் வேகத்தில் மாறும், ஆனால் பார்க்க வேண்டிய பொருள் பெரும்பாலும் சட்டகத்தின் (ஃப்ரேமின்) நடுவிலேயே இருக்கும்படி படம்பிடித்திருந்தார்கள். கண் அங்கும் இங்கும் தேட வேண்டியிருக்காது என்பதால் எவ்வளவு வேகம் போனாலும் குழப்பம் வராது. அதன் படத்தொகுப்பாளர் மார்கரெட் சிக்ஸல் ஆஸ்கர் வாங்கினார்.

நடிகருக்குச் சண்டை வராதபோது, அதை மறைக்க வெட்டும் வெட்டுகள்தாம் கண்ணை வலிக்கச் செய்கின்றன. கை ஓங்குவது ஒரு ஷாட், முகம் திரும்புவது ஒரு ஷாட், ஆள் பறப்பது ஒரு ஷாட் என்று வந்தால், அடி விழுந்த கணத்தை நாம் பார்க்கவே இல்லை என்று பொருள். சத்தம் மட்டும்தான் நமக்கு வந்து சேருகிறது. இருட்டிலும் மழையிலும் புகையிலும் சண்டையை வைப்பதற்குச் சில சமயம் அழகுணர்ச்சி காரணம். சில சமயம் இதே மறைப்பு காரணம்.

ஸ்லோமோஷன் எதுக்கு? ஹீரோ நடக்குறதே ஸ்லோமோஷன்லதானே இருக்கு!

வழக்கமாக ஒரு நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடுகின்றன. ஒரு நொடிக்கு 120 சட்டகங்கள் எடுத்து அதே 24 வேகத்தில் ஓட்டினால், ஒரு நொடி ஐந்து நொடியாக நீளுகிறது. கண்ணுக்குத் தப்பிவிடக்கூடிய ஒன்றைப் பிடித்து நிறுத்திக் காட்டுவதற்கான வழி அது. நடந்து வருவது கண்ணுக்குத் தப்பாது. எனவே படம் முழுக்க மெதுவாகவே நடந்தால், மெய்யாகவே மெதுவாகக் காட்ட வேண்டிய இடம் வரும்போது இயக்குநரின் கையில் ஒன்றும் மிச்சமிருக்காது.

கயிறு கட்டி, டூப் போட்டு எடுக்குறாங்க. இதையெல்லாம் கலைன்னு சொல்லலாமா?

தாராளமாகச் சொல்லலாம். கயிற்றில் தொங்கும் உடலும் உடல்தான். கயிறு ஆளைத் தூக்கும். விழும்போது எந்தத் தோளைக் கொடுப்பது, எந்த நொடியில் உடம்பைச் சுருட்டுவது என்பதை விழுபவர்தான் அறிந்திருக்க வேண்டும். நாயகனின் முகத்துக்காக நாம் கைதட்டும் பல இடங்களில் முதுகு காட்டி விழுந்தவர் வேறொருவர்.

இந்த உழைப்புக்கு மரியாதை தாமதமாகவே வந்தது. தேசிய விருதுகளில் சண்டை அமைப்புக்கென்று தனி விருது 2016-ஆம் ஆண்டுப் படங்களுக்கான பட்டியலில்தான் முதன்முதலாகச் சேர்ந்தது. மலையாளப் படமான 'புலிமுருகன்' அதைப் பீட்டர் ஹெயினுக்குப் பெற்றுத் தந்தது. 'கைதி'க்குச் சண்டை அமைத்த அன்பறிவ் இரட்டையர்கள் கன்னடப் படமான 'கே.ஜி.எஃப்' முதல் பாகத்துக்காகத் தேசிய விருதைப் பகிர்ந்துகொண்டார்கள். ஆஸ்கரோ 2027-இல் வெளியாகும் படங்களிலிருந்துதான் சண்டை வடிவமைப்புக்கு விருது கொடுக்கப்போவதாக அறிவித்திருக்கிறது. எலும்பை முறித்துக்கொண்டு நம்மை மகிழ்விப்பவர்களின் பெயர்கள் படத்தின் கடைசியில் ஓடும்போது நாம் பெரும்பாலும் வண்டி நிறுத்துமிடத்தில் இருக்கிறோம் என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

ஆஃப்பீட் படத்துல ஏன் ஒண்ணுமே நடக்க மாட்டேங்குது?

நடக்கிறது, அதை இசை முன்கூட்டியே அறிவிப்பதில்லை. பி.எஸ். வினோத்ராஜின் 'கொட்டுக்காளி' (2024) படத்தில் பின்னணி இசையே கிடையாது. வேறு சாதிப் பையனை விரும்பிய மீனாவுக்குப் பேய் பிடித்திருப்பதாக முடிவுகட்டி, அவளை மணக்கவிருக்கும் பாண்டியும் உறவினர்களும் அவளைச் சாமியாடியிடம் ஆட்டோவில் கொண்டுபோகிறார்கள். கதை அவ்வளவுதான். வழியில் ஒரு மாடு குறுக்கே நின்றுகொண்டு நகர மறுக்கிறது. வண்டியோடு வந்த அத்தனை ஆண்களாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஒரு சிறுமி வந்து அதைச் சாதாரணமாக அழைத்துக்கொண்டு போய்விடுகிறாள். அதைப் பார்த்தபோது நான் புன்னகைத்தேன். வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான், மீனாவைச் சுற்றி நிற்கும் ஆண்களைப் பற்றி அந்த மாடு என்ன சொல்லிவிட்டுப் போனது என்று விளங்கியது.

அதே படத்தில் பாண்டிக்குத் தொண்டை கட்டிக் குரல் கரகரத்துக் கிடக்கிறது. வழியில் காதில் விழுந்த ஒரு பாட்டை மீனா முணுமுணுத்ததற்காக அவன் வெறிபிடித்தவனாகி அவளையும் தடுக்க வந்தவர்களையும் அடிக்கிறான். அரங்கில் நாங்கள் பதினைந்து பேர் இருந்திருப்போம். அந்த நேரத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. ஒன்றும் நடக்காத படம் என்று அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சரி, முடிவே சொல்லாம முடிக்கிறாங்களே? காசு வாங்கிட்டு இது நியாயமா?

முடிவு சொல்லாதது வேறு, முடிக்கத் தெரியாதது வேறு. 'கொட்டுக்காளி'யில் சாமியாடியின் முன்னால் வேறொரு பெண் நடத்தப்படும் விதத்தைப் பாண்டி பார்க்கிறான். மீனாவை அங்கே உட்கார வைப்பானா, திரும்பிப் போவானா என்று சொல்லாமல் படம் நின்றுவிடுகிறது. படம் முழுக்க நாம் பார்த்துவந்தது அவன் முகத்தைத்தான் என்பதால், அவன் பார்க்கத் தொடங்கிய இடத்தில் முடிப்பது எனக்கு நியாயமாகவே பட்டது. உடன் வந்த நண்பருக்கு அப்படிப் படவில்லை. அவருடைய கோபத்திலும் பொருள் இருக்கிறது. மீனாவுக்கு என்ன ஆனது என்பதே அவருடைய கவலை.

வினோத்ராஜின் முதல் படமான 'கூழாங்கல்'லில் இதைவிடத் துல்லியமான ஓர் இடம் உண்டு. வறண்ட நிலத்தில் அப்பனுக்கு முன்னும் பின்னுமாக நடந்துவரும் சிறுவன் தாகத்துக்கு ஒரு கூழாங்கல்லை எடுத்து வாயில் அடக்கிக்கொள்கிறான். வீட்டுக்கு வந்ததும் அந்தக் கல்லை ஓரிடத்தில் வைக்கிறான். அங்கே ஏற்கெனவே கற்கள் குவிந்திருக்கின்றன. அவன் எத்தனை முறை இப்படி நடந்திருக்கிறான் என்று யாரும் வாய்திறந்து சொல்லவில்லை. நமக்கு வயிற்றைப் பிசைகிறது.

இப்படி எதையும் காட்டாமல், கடைசியில் ஆள் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்க, பெயர்கள் ஓடத் தொடங்கும் படங்களும் வருகின்றன. அவற்றுக்குக் கொடுத்த காசுக்கு நீங்கள் வருந்துவது முறையே.

ஏழைங்க கஷ்டத்தைக் காட்டி அவார்டு வாங்குறாங்கன்னு சொல்றது உண்மைதானே?

சில படங்களைப் பொறுத்தவரை உண்மை. ஏழையைக் காட்டும்போது அவருக்கு ஆசையும் கள்ளத்தனமும் சிரிப்பும் இருப்பதைக் காட்டுகிறார்களா என்று பாருங்கள். கண்ணீரை மட்டும் காட்டினால் சந்தேகப்படலாம். மணிகண்டனின் 'காக்கா முட்டை' (2015) படத்தில் ரயில் பாதையோரம் கரி பொறுக்கும் அண்ணன் தம்பி இருவரும் ஒரு பீட்சா சாப்பிட ஆசைப்படுகிறார்கள். அதற்காக அவர்கள் போடும் திட்டங்களில் பாதி தில்லாலங்கடி. எல்லா அவமானங்களும் முடிந்து, ஒருவழியாகப் பீட்சா கைக்கு வந்து, ஒரு வாய் கடித்து, இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். அவர்களுக்கு அது பிடிக்கவில்லை. ஆயா சுட்டுக் கொடுத்த தோசையே மேல் என்கிறார்கள். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் அம்மா, "அதத்தானே அந்தக் கெழவி அப்பவே செஞ்சு குடுத்தா" என்று அரங்கில் பத்துப் பேருக்குக் கேட்கும்படி சொன்னார். ஆஃப்பீட் என்ற சொல்லை அம்மா அதுவரை கேட்டதும் இல்லை, அதன் பிறகு கேட்டதும் இல்லை.

அப்ப அவார்டு வாங்குன படம்னா நல்ல படமா?

விருது என்பது ஒரு சிபாரிசு. 'கூழாங்கல்' 2021-இல் ரோட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கியிராவிட்டால் நான் அதைத் தேடிப்போயிருக்க மாட்டேன். பார்த்த பிறகு விருது மறந்துபோனது. கல் மட்டும் நினைவில் நிற்கிறது.

'ஆரண்ய காண்டம்', 'ஓநாயும் ஆட்டுக்குட்டியும்', 'கைதி' இதெல்லாம் எந்தப் பக்கம் சேரும்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. நீங்கள் சொன்ன மூன்றிலும் துப்பாக்கியோ கத்தியோ உண்டு, ரத்தம் உண்டு; மூன்றிலும் நாயகியோடு ஆடும் பாட்டு இல்லை. தியாகராஜன் குமாரராஜாவின் 'ஆரண்ய காண்டம்' (2011) தாதாக்களின் கதைதான் என்றாலும், ஆட்களின் தள்ளாமையும் பயமும் வெட்டிப் பேச்சும் அதில் சண்டைக்குச் சமமான இடத்தைப் பிடிக்கின்றன. மிஷ்கினின் 'ஓநாயும் ஆட்டுக்குட்டியும்' (2013) ஓர் இரவுத் துரத்தல்; அதில் இளையராஜாவின் இசையைப் பின்னணி இசை என்று போடாமல் முன்னணி இசை என்றே போட்டிருந்தார்கள். அது பொருத்தமான சொல். துரத்தலின் நடுவே மனிதர்களின் துக்கத்தை அந்த இசைதான் தூக்கிச் சுமக்கிறது.

'கைதி'யை நான் மாஸ் படம் என்றே சொல்வேன். முதல் கேள்விக்குச் சொன்ன எதிர்பார்ப்பு முழுமையாக அதில் இருக்கிறது. ஆனால் நாயகி, பாட்டு, வெளிநாடு என்று நாம் பழகிய அலங்காரங்களை எல்லாம் கழற்றிவிட்டு ஒரே இரவுக்குள் கதையை முடித்த துணிச்சலை லோகேஷ் கனகராஜ் ஆஃப்பீட் பக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டார் என்பது என் எண்ணம். ஆஃப்பீட் படங்கள் ஓடாவிட்டாலும் வீணாவதில்லை. சில ஆண்டுகள் கழித்து மாஸ் படங்களின் உடம்பில் அவற்றின் ரத்தம் ஓடுகிறது.

நல்ல படம்னா ஏன் ஓட மாட்டேங்குது? ஜனங்களுக்கு ரசனை இல்லையா?

ஜனங்களைக் குறை சொல்வதை நான் ஏற்பதில்லை. 'கொட்டுக்காளி' வெளியான 2024 ஆகஸ்ட் 23 அன்றுதான் மாரி செல்வராஜின் 'வாழை'யும் வெளியானது. நட்சத்திரம் என்று யாரும் முன்னால் நிற்காத அந்தப் படத்துக்குக் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். 'காக்கா முட்டை'க்கும் போனார்கள். 2019 தீபாவளிக்கு விஜயின் 'பிகில்' வந்த நாளிலேயே வந்த 'கைதி'யும் நின்று விளையாடியது.

பல சமயம் தோற்பது படத்தின் தரத்தால் அல்ல, காட்சி நேரத்தால். காலை பத்து மணிக்கு ஒரு காட்சி, அதுவும் வேலைநாளில் என்றால் சம்பளக்காரர் எப்படிப் போவார்? எங்கள் ஊரில் ஒரு படத்துக்கு வெள்ளிக்கிழமை நான்கு பேர் வந்தார்கள் என்று சனிக்கிழமையே தூக்கிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போகலாம் என்று வைத்திருந்தவர்களுக்கு அது வந்த செய்தியும் போன செய்தியும் சேர்ந்தே கிடைத்தன. 'ஆரண்ய காண்டம்' அரங்குகளில் நிற்கவில்லை. மறு ஆண்டு அறிமுக இயக்குநருக்கும் படத்தொகுப்புக்கும் தேசிய விருதுகள் கிடைத்தபோது, அதைப் பெரிய திரையில் பார்க்க விரும்பியவர்களுக்கு வழி இல்லாமல் போயிருந்தது.

நீளமும் ஒரு சங்கடம். 'மெய்யழகன்' (2024) வெளியான சில நாள்களில் சுமார் 18 நிமிடங்களைக் குறைத்தார்கள். முழுதாகவும் குறைத்தும் இரண்டு முறை பார்த்தவன் என்ற முறையில், குறைத்தது வேகத்துக்கு உதவியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் இரண்டு பேர் இரவெல்லாம் உட்கார்ந்து பேசும் கதையில் நேரம் போவது தெரிய வேண்டும் என்பதால், எனக்கு முதல் வடிவமே பிடித்திருந்தது.

ரத்தம் தெறிக்குற படமா வருது. பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போலாமா?

தணிக்கைச் சான்றிதழைப் பார்த்துவிட்டுப் போங்கள். 2024-இல் வந்த புதிய விதிகளின்படி யு/ஏ என்பது 7 வயதுக்கு மேல், 13 வயதுக்கு மேல், 16 வயதுக்கு மேல் என்று மூன்றாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. இவை பெற்றோருக்கான வழிகாட்டுதல்; முடிவு உங்களுடையது. ஏ சான்றிதழ் அப்படியன்று. 18 வயது நிறையாதவர்களை உள்ளே விடக் கூடாது என்பதே சட்டம்.

நள்ளிரவுக் காட்சியில் இரண்டு வயதுக் குழந்தை வீறிட்டு அழ, தகப்பனார் அதன் காதைப் பொத்திக்கொண்டு திரையைப் பார்த்திருந்ததை ஒருமுறை கண்டேன். சான்றிதழ் எதுவாக இருந்தாலும், அந்த ஒலி அளவு அவ்வளவு சிறிய காதுக்கு ஆகாது.

வெட்டு குத்து காட்டுற எல்லாப் படமும் ஒண்ணுதானே? 'விசாரணை'யில மட்டும் அடி உதை இல்லையா? அதை ஏன் ஒசத்தியா பேசுறீங்க?

அடி ஒன்றுதான், நாம் எங்கே நிறுத்தப்படுகிறோம் என்பது வேறு. மாஸ் சண்டையில் கேமரா அடிப்பவனின் தோளுக்குப் பின்னால் நிற்கிறது, கை நம்முடையதாகிவிடுகிறது. சந்திரகுமார் தம் சொந்த அனுபவத்தை எழுதிய 'லாக்கப்' நூலிலிருந்து வெற்றிமாறன் எடுத்த 'விசாரணை' (2016) நம்மை அடிவாங்குபவர்களோடு அறைக்குள் பூட்டிவிடுகிறது. வேலை தேடி ஆந்திரா போய், செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்லி அடிக்கப்படும் அந்தத் தொழிலாளிகளில் யாரும் திருப்பி அடிக்கப் போவதில்லை என்பது சிறிது நேரத்திலேயே நமக்குத் தெரிந்துவிடுகிறது. அங்கே கைதட்ட இடமே இல்லை.

இதிலிருந்து மாஸ் சண்டை பாவம் என்று முடிவுகட்ட மாட்டேன். அநியாயக்காரன் விழ வேண்டும் என்ற ஆசை நியாயமான ஆசை. பகலெல்லாம் மேலதிகாரியிடம் வாயடைத்து நின்றவருக்கு இரவில் அது மருந்து. ஆனால் அதே நட்சத்திரம் போலீஸ் உடையில் வந்து, விசாரணை எதுவும் இல்லாமல் ஒருவனைச் சுட்டுவிட்டுக் கண்ணாடி மாட்டும்போது எழும் கைதட்டலில் என்னால் சேர முடிவதில்லை. சுடப்பட்டவன் குற்றவாளி என்று எனக்குச் சொன்னது படம் மட்டுமே. 'விசாரணை'யைப் பார்த்தவருக்கு அந்த ஒரு சொல் போதாது.

நான் உசுரா நினைக்கிற படத்தை நீங்க மட்டம்னு சொல்றீங்க. அப்ப என் ரசனை மட்டமா?

என் மைத்துனர் இதைக் கேட்டார். அப்போது அவர் குரலில் வருத்தம் இருந்தது. அவர் சொன்ன படத்தில், இரண்டாம் கேள்வியில் சொன்ன சட்டம் குறைந்தது நான்கு இடங்களில் உடைகிறது. அந்த நான்கையும் என்னால் எடுத்துக்காட்ட முடியும். எடுத்துக்காட்டினேன். அவர் மறுக்கவில்லை.

பிறகு, படத்தில் அவருக்கு எந்த இடம் பிடித்தது என்று கேட்டேன். நாயகன் தன் தங்கைக்குப் பேருந்து நிலையத்தில் தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்து, சில்லறையை எண்ணி அவள் கையில் திணித்து, பேருந்து கண்ணுக்கு மறையும்வரை நின்று பார்க்கும் இடம் என்றார். அவர் தம் தங்கையைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய ஆண்டு அது. சண்டைகளைக் குறித்துக்கொண்டிருந்த எனக்கு அப்படியொரு காட்சி வந்ததே நினைவில்லை. மறு ஞாயிற்றுக்கிழமை இருவரும் சேர்ந்து போய் அந்தப் படத்தை இன்னொரு முறை பார்த்தோம். சட்டம் உடையும் நான்கு இடங்களும் அப்படியே இருந்தன. பேருந்து நிலையக் காட்சி மூன்று நிமிடம் வருகிறது. அதில் சில்லறையை எண்ணும் விரல்கள் இலேசாக நடுங்குகின்றன.